வெள்ளைக்குப் பிடிக்கிற துண்டு

உக்காருங்க தம்பி. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. பஸ் ஸ்டாண்டு ஸ்டுடியோக்காரன் அனுப்பினானா? அனுப்புவான். படத்துல நிறம் சரியில்லன்னு யார் வந்தாலும் கோமதிநாயகத்தப் போய்ப் பாருன்னு இங்க தள்ளி விட்டுருவான். நான் கேமராவத் தொட்டு எத்தனையோ வருசம் ஆச்சுன்னு அவனுக்கும் தெரியும்.

சரி, வந்துட்டீங்க. குடுங்க பாப்போம். கைக்கு அடக்கமா இருக்கே, கேசட்டு மாடலா? இன்னுமா வச்சிருக்கீங்க. உங்க வீட்டம்மா வளைகாப்பா? ம். ஓடட்டும். ஆமா, மஞ்சளாத்தான் இருக்கு. அந்த இடத்துல நிறுத்துங்க. பின்னால சுவரப் பாருங்க, அதுவும் மஞ்சளா இருக்கா? தட்டுல தயிர்சாதம்? அந்தப் பெரியவர் வேட்டி? எல்லாம் மஞ்சள்தான? அப்ப பயம் இல்ல. மிஷின்லதான் கோளாறு.

பயம் இல்லன்னு சொன்னா ஏன் அப்படிப் பாக்கீங்க? சொல்லுதேன். டிவிக்குப் போடுற வயரத் தேடணும், எந்தப் பெட்டியில கிடக்கோ. அதுவரைக்கும் கேளுங்க.

வெள்ளை பிடிச்சீங்களா, எடுக்கதுக்கு முன்னால? பிடிக்கல. அதான். கேமராவுக்கு வெள்ளை எதுன்னு தெரியாது தம்பி. நாமதான் காட்டிக் குடுக்கணும். வெள்ளைத் துணி ஒண்ணக் காட்டி பட்டன அமுக்கினா, சரி இதுதான் வெள்ளைன்னு எடுத்துக்கிடும். மத்த நிறத்தையெல்லாம் அத வச்சுத்தான் போடும். நீலத்தக் காட்டி வெள்ளைன்னு சொன்னா ஆளுகெல்லாம் மஞ்சளா வருவாங்க. மஞ்சளக் காட்டி வெள்ளைன்னு சொன்னா நீலமா வருவாங்க. நாம என்ன சொல்லுதோமோ அத அப்படியே நம்பிரும். அவ்வளவுதான் விசயம்.

இந்த ஊரு சங்கரன்கோவில்ல, சுத்துப்பட்டு கிராமத்துல, பன்னெண்டு வருசம் கல்யாண வீடியோ எடுத்தவன் நான். தோள்ல தூக்கி வச்சு எடுக்கிற கேமரா. அதுல கண்ண வச்சுப் பாக்கிற ஓட்டையில கறுப்பு வெள்ளைதான் தெரியும். நிறம் சரியா இருக்கா இல்லையாங்கிறது டிவியில போட்டாத்தான் தெரியும். அதனால நான் ஒரு பழக்கம் வச்சிருந்தேன். முகூர்த்த நாளு காலைல, கிளம்பதுக்கு முன்னால, எங்க வீட்டுக்காரி ஆவுடைய இந்த வாசல்ல நிறுத்துவேன். அந்தா அந்த ஆணி இருக்குல்லா, அது பக்கத்துல. கையில வெள்ளைத் துண்டு. துண்டுல வெள்ளை பிடிப்பேன். பெறகு துண்டத் தாழ்த்துன்னு சொல்லி அவ முகத்த பத்து செகண்டு எடுப்பேன். உள்ள போய் டிவியில போட்டுப் பாப்பேன். ஆவுடை நிறம் ஆவுடை நிறமா இருந்தா, கிளம்பிருவேன்.

டெஸ்டு கேசட்டுன்னே தனியா ஒண்ணு. தேதி, நேரம் எல்லாம் ஓரத்துல விழும். மத்தவன் மாதிரி குத்துமதிப்பா வேல பாக்கிறவன் இல்ல நான். பொண்டாட்டி முகத்த இப்படி உத்துப் பாக்கிறவன் எத்தன பேரு இருக்கான்? நான் பாத்தேன்.

அந்த வருசம் வைகாசியில ஒரு நாள் டிவியில போட்டா, ஆவுடை மஞ்சளா இருக்கா. லேசாத்தான். நான் டிவி குமிழத் திருகினேன். திருகினா அவ சரியா வாரா, சீரியல்ல வாரவங்க சாம்பலா போறாங்க. சரி, டிவி இல்ல. வயர மாத்தினேன். வயரும் இல்ல. கேசட்ட மாத்தினேன், ஹெட்ட துடைச்சேன். அப்பவும் மஞ்சள். நாளாக நாளாக கூடிக்கிட்டே வருது.

நீங்க கேக்கலாம், பொம்பளைங்க மஞ்சள் தேச்சுக் குளிப்பாங்களே, அதுதான்னு. நானும் மொதல்ல அதத்தான் நெனச்சேன். டெஸ்டு நாள்ல மஞ்சள் தேய்க்காதட்டின்னு சொன்னேன். தேய்க்கல. ஆனா கண்ணு முழி இருக்குல்லா, அந்த வெள்ளையும் டிவியில மஞ்சளா இருந்துச்சு. அதுலதான் எனக்கு உறுதியாச்சு, கேமராக் கோளாறுதான்னு. முகத்துக்கு மஞ்சள் பூசலாம், கண்ணுக்கு யாரு பூசுவா? அவகிட்டயே அத சொல்லிச் சிரிச்சேன். அவளும் சிரிச்சா.

அப்புறம் எதுத்த வீட்டு பாக்கியம். அவ அந்த சித்திரையிலதான் முன்சுவருக்கு மஞ்சள் பெயிண்டு அடிச்சிருந்தா. காலை வெயில் அதுல பட்டு இங்க அடிக்குதுன்னு எனக்குச் சந்தேகம். போய்க் கேட்டேன், முகூர்த்த நாள்ல ஒரு மணி நேரம் சுவத்துல போர்வையத் தொங்க விடும்மான்னு. என் வீட்டுச் சுவத்துக்கு நீ யாரு போர்வை போர்த்தன்னு தெருவையே கூட்டிட்டா. ஆவுடைதான் போய் சமாதானம் பேசி, போர்வையத் தொங்க விட வச்சா. போர்வை தொங்கினப்புறமும் மஞ்சள்தான்.

பெறகுதான் நீலம் ஞாபகம் வந்துச்சு. ஆவுடை துண்ட வெளுத்து நீலம் முக்குவாள்லா. கண்ணுக்கு பளிச்சுன்னு வெள்ளையாத்தான் தெரியும், ஆனா நீலம் நீலம்தான். கேமரா அத வெள்ளைன்னு எடுத்துக்கிட்டா ஆளு மஞ்சளா வரும். கண்டுபிடிச்சிட்டேன்னு அவளக் கூப்பிட்டு ஏசுனேன். எத்தன சொட்டு ஊத்துத, உனக்கு ஒரு அளவு கிடையாதான்னு. இனிமே ஊத்தலங்கன்னா. வெறும் சோப்புல அலசி அலசி, கல்லுல அடிச்சு, ஒரு சொட்டு நீலம் இல்லாம துண்டக் கொண்டாந்து குடுத்தா. அந்த நாள்ல அவளுக்கு ஒரு பக்கெட்டு துணி துவைச்சாலே மூச்சு வாங்கும். நாலு தடவ உக்காந்து உக்காந்து துவைச்சா.

அப்பவும் மஞ்சள்.

அவ நிக்கதும் சரியா நிக்க மாட்டா. கையச் சொறிவா, கழுத்தச் சொறிவா. "ஏட்டி, அசையாத"ம்பேன். "அரிக்குதுங்க"ம்பா. "பத்து செகண்டு அரிக்காம இரு"ன்னு சொல்லுவேன். இருப்பா. பல்லக் கடிச்சிக்கிட்டு இருப்பா. சாப்பாடும் கொறச்சிட்டா. எண்ண வாடையே ஆகலன்னு சொல்லி ராத்திரிக்கு வெறும் கஞ்சியோட நிறுத்திக்கிட்டா. எனக்கும் தனியா குழம்பு வைக்க வேண்டாம், கஞ்சியே போதும்னு சொல்லிட்டேன். அவளுக்கும் வேல மிச்சம்.

கல்யாண வீட்டுக்காரங்க ஒருத்தரும் நிறம் சரியில்லன்னு வந்து சொல்லல. நானும் அந்தக் கேசட்டுகளப் போட்டுப் பாத்தேன், நல்லாத்தான் இருந்துச்சு. மண்டபத்துல வீடியோ லைட்டு பலமா அடிக்கோம், அந்த வெளிச்சத்துல கோளாறு மறைஞ்சிருதுன்னு நெனச்சேன். வீட்டு வாசல்ல வெறும் வெயில்ல எடுக்கும்போதுதான் அது தெரியுதுன்னு நெனச்சேன். நியாயம்தான? நீங்களே சொல்லுங்க.

ஆடியில முகூர்த்தம் கிடையாது. கேமராவ மதுரைக்குக் கொண்டு போனேன். அங்க ஒரு மெக்கானிக்கு. பெரிய கை. மூணு வாரம் வச்சிருந்தான். இங்க கோவில்ல ஆடித்தபசுத் திருவிழா வந்துச்சு. தபசுக்கு நான் கேமரா இல்லாம இருந்தது அந்த வருசம்தான். ஆவுடை கேட்டா, இந்த வருசமாவது ரெண்டு பேரும் சேந்து போய் பாத்துட்டு வருவோமான்னு. கல்யாணம் ஆனதுலேர்ந்து தபசுக்கு நான் கூட்டத்துக்கு மேல நின்னு படம் எடுத்துக்கிட்டு இருப்பேன், அவ கீழ எங்கயாவது நிப்பா. நான் சொன்னேன், கேமரா இல்லாம போய் எதப் பாக்கன்னு. போகல. அவளும் போகல.

மதுரைக்காரன் கேமராவத் திருப்பிக் குடுத்தான். ஒரு சீட்டு எழுதி ஒட்டியிருந்தான், கோளாறு இல்லைன்னு. நான் ஆவுடை டெஸ்டு கேசட்டையும் அவன்கிட்ட குடுத்திருந்தேன். "அத பாத்தியா?"ன்னு கேட்டேன். "பாக்கல அண்ணாச்சி, நான் என் கடையத்தான் எடுத்துப் பாத்தேன். நிறமெல்லாம் சுத்தமா இருக்கு"ன்னான். மூணு வாரம் வச்சிருந்தவனுக்கு ஒரு நிமிசம் அந்தக் கேசட்டப் போட்டுப் பாக்க முடியல. அவன்கூட இன்னைக்கு வரைக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அவன் பாத்திருந்தா, மூணாம் மனுசன் கண்ணு, ஒருவேள சொல்லியிருப்பான். சொல்லியிருக்கலாம்ல. அந்தச் சீட்டு இன்னும் எங்கிட்ட இருக்கு.

வயரு இந்தப் பெட்டியிலயும் இல்ல. இருங்க, பரண்ல பாப்போம். நீங்க உக்காருங்க, நான் ஏறிருவேன்.

ஆவணியில மச்சினன் வேலாயுதம் வீட்டுக் கல்யாணம். ஆவுடை கூடப்பிறந்த தம்பி. அவன் மக கனகாவுக்கு. சொந்த வீட்டு விசேசம், அதுல நிறம் போச்சுன்னா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாங்க. எனக்கு இருப்புக் கொள்ளல. மெக்கானிக்கு கைய விரிச்சிட்டான். சரி, நாமளே ஒரு வழி பண்ணுவோம்னு யோசிச்சேன். கேமரா மஞ்சளாக் காட்டுது. மஞ்சளையே அதுக்கு வெள்ளைன்னு சொல்லிக் குடுத்துட்டா? அந்த அளவுக்கு மஞ்சளக் கழிச்சிரும்ல.

சொன்னவுடனே ஆவுடை ஒரு பக்கெட்டுல தண்ணி பிடிச்சா, ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் போட்டா, துண்ட முக்கிப் பிழிஞ்சா. வாசல்ல நின்னா. நான் வெள்ளை பிடிச்சேன், எடுத்தேன், உள்ள போய்ப் பாத்தேன். போதாது. இன்னொரு சிட்டிகை. போதாது. இன்னொண்ணு. அவளும் ஈரத் துண்டோட எம் பின்னாலயே வந்து டிவியப் பாப்பா. "இப்ப சரியா இருக்கனா?"ம்பா. "இன்னும் கொஞ்சம்"பேன். மறுபடி போய் முக்குவா. எத்தன தடவைன்னு தெரியல. அஞ்சோ ஆறோ. கடைசியில ஒரு தடவ டிவியில போட்டேன் பாருங்க, அப்படியே பழைய ஆவுடை. வைகாசிக்கு முன்னால எப்படி இருந்தாளோ அதே மாநிறம். கண்ணு வெள்ளையா, பளிச்சுன்னு. எனக்கு அவ்வளவு சந்தோசம் தம்பி. அவளுக்கும்தான். டிவி முன்னால தரையில உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தா. "நல்லா இருக்கேன்ல"ன்னு சொன்னா.

கல்யாணத்துக்கு அந்தத் துண்டத்தான் கொண்டு போனோம். மண்டபத்துல லைட்டு போட்டு, ஆவுடையே துண்டப் பிடிச்சா, நான் பட்டன அமுக்கினேன். நல்லபடியா முடிஞ்சுது. காலைல டெஸ்டு சரியா இருந்த தைரியத்துல கேசட்டப் போட்டுப் பாக்காமலே காப்பி எடுத்து வேலாயுதம் வீட்டுக்குக் குடுத்தனுப்பிட்டேன். அப்படிப் பாக்காம குடுத்தது அது ஒண்ணுதான்.

நாலாம் நாள் காலைல வேலாயுதம் கேசட்டோட வந்துட்டான். முகம் சரியில்ல. "என்ன அத்தான், எம்பிள்ளைய இப்படி எடுத்து வச்சிருக்கீங்க. சம்பந்தி வீட்டுல எல்லாரும் உக்காந்து பாத்தாங்க. மானம் போச்சு"ன்னான். போட்டேன். மாப்பிள்ளை நீலம், பொண்ணு நீலம், ஐயர் நீலம், குத்துவிளக்குல எரியுற திரி நீலம். கனகாவப் பாத்தா பிரேதத்துக்கு மாலை போட்ட மாதிரி இருக்கு.

அப்ப ஆவுடை வாரா. படத்துல. ஆரத்தித் தட்ட ஏந்திக்கிட்டு, கூட ரெண்டு பொம்பளைங்க. அந்த ரெண்டு பேரும் நீலம். நடுவுல இவ மட்டும் சரியா இருக்கா. அச்சு அசல் அவ நிறத்துல. எனக்குப் போன உயிரு வந்துச்சு. "நல்லாப் பாருடா, உங்க அக்காவப் பாரு. எவ்வளவு சுத்தமா வந்திருக்கு பாரு. அப்ப என் கேமரா சரியாத்தான இருக்கு. ஒங்க மண்டபத்து லைட்டுலதான் ஏதோ கோளாறு"ன்னேன்.

வேலாயுதம் டிவியப் பாத்தான். திரும்பி, அடுப்படி நிலையில காப்பி டம்ளரோட நின்ன அக்காவப் பாத்தான். மறுபடி டிவியப் பாத்தான். எந்திரிச்சுப் போய் டம்ளர வாங்கிக் கீழ வச்சுட்டு, "அக்கா, இங்க வா"ன்னு கையப் பிடிச்சு வாசலுக்குக் கூட்டிட்டுப் போனான். இந்த வாசலுக்குத்தான். வெயில்ல நிறுத்தி, கட்டை விரலால அவ கண்ணுக்குக் கீழ தோல இழுத்துப் பாத்தான். நான் கேசட்ட ரீவைண்டு பண்ணிக்கிட்டு இருந்தேன், அந்த இடத்த இன்னொரு தடவ அவனுக்குக் காட்டணும்னு.

"அத்தான்"னு கூப்பிட்டான். சத்தமா இல்ல. "அத்தான், ஆட்டோ பிடிங்க"ன்னான்.

திருநெல்வேலிக்குக் கொண்டு போனோம். கணையத்துல கட்டி, பித்தக்குழாய அடைச்சிருக்குன்னாங்க. மஞ்சக்காமாலை அதனாலதான். பெரிய டாக்டரு என்னைய மட்டும் உள்ள கூப்பிட்டு, "எப்பலேர்ந்து கண்ணு மஞ்சளா இருக்கு? தோராயமா சொல்லுங்க"ன்னாரு. நான் தோராயமா சொல்லல. "மே இருபத்தஞ்சு சார். காலைல ஆறு பத்து"ன்னு சொன்னேன். எப்படித் தெரியும்னு கேட்டாரு. "டெஸ்டு கேசட்டுல தேதி விழுந்திருக்கு சார். அன்னையிலேர்ந்து ஒவ்வொரு முகூர்த்த நாளும் இருக்கு. பாக்கணும்னா கொண்டு வாரேன்"னேன். எழுதிக்கிட்டிருந்தவரு பேனாவக் கீழ வச்சிட்டாரு. ஒரு வைகாசி ஆனியில வந்திருந்தா ஆபரேசன் பண்ணிப் பாத்திருக்கலாம்னு சொன்னாரு. சரிங்க சார்னுட்டு வெளிய வந்தேன்.

அழுதீங்களான்னு எல்லாரும் கேட்டாங்க. அழல. இப்பவும் அழல பாத்தீங்களா. வருத்தம் இல்லன்னு இல்ல, அது எங்கயோ இருக்கு, கைக்கு அகப்பட மாட்டேங்குது. பல்லுக்கு மருந்து போட்டு மரத்துப் போனா நாம கன்னத்தத் தொட்டா யாரோ கன்னத்தத் தொட்ட மாதிரி இருக்குமே, அப்படித்தான்.

அவ ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். எனக்கு முடியலங்கன்னு. வாயத் திறந்து சொன்னா நான் என்ன வேண்டாம்னா சொல்லப் போறேன்? அரிக்குதுன்னா, மூச்சு வாங்குதுன்னா, எண்ண வாடை ஆகலன்னா. முடியலன்னு சொல்லல. அத வச்சு நான் எப்படிக் கண்டுபிடிக்க?

வேலாயுதம் எம்மேல கோவப்படல. ஆஸ்பத்திரியில வச்சு, "அத்தான், கனகா கேசட்ட மட்டும் சரி பண்ணிக் குடுத்துருங்க. அக்கா அதுல இருக்கா"ன்னான். திருநெல்வேலியில மிக்ஸிங் பண்ற ஆள்கிட்ட கொண்டு போனேன். ஆஸ்பத்திரிக்கும் அவன் கடைக்கும் நடக்கிற தூரம்தான். கம்ப்யூட்டருல போட்டு அந்த நீலத்த முழுசா எடுத்துட்டான். கனகா சிவப்பா, அழகா வந்துட்டா. மாப்பிள்ளை, ஐயர், குத்துவிளக்கு எல்லாம் சரியாயிட்டு. ஆரத்தி வந்துச்சு. அந்த ரெண்டு பொம்பளைங்களும் சரியா இருந்தாங்க.

மிக்ஸிங்காரன் நிறுத்தினான். "அண்ணாச்சி, இந்த நடுவுல நிக்கிற அம்மா மட்டும் மஞ்சளா இருக்காங்க. தனியா எடுத்து சரி பண்ணவா? கொஞ்சம் நேரம் பிடிக்கும், ஆனா முடியும்"னான்.

அப்பத்தான் தம்பி நான் அவளப் பாத்தேன். அவ்வளவு மஞ்சள். கழுத்துல கிடந்த மஞ்சக்கயிறு தோத்துப் போகும். தோள்பட்டை எலும்பு தெரியுது, ரவிக்கை தொளதொளன்னு தொங்குது. கேமராவப் பாத்து சிரிக்கா. நான் எடுக்கேன்னு சிரிக்கா.

"வேண்டாம். அவ நிறம் அதுதான்"னேன். அப்படியே விட்டுட்டான். இன்னைக்கும் வேலாயுதம் வீட்டுல அந்தப் படம் அப்படித்தான் இருக்கு.

கார்த்திகை பிறந்து அஞ்சாம் நாள் போயிட்டா. கேமராவ வேலாயுதமே யாருக்கோ குடுத்துட்டான்.

இந்தா வயரு கிடைச்சிட்டு. பின்பக்கம் சொருகுங்க, மஞ்சள் முனை மஞ்சள் ஓட்டைக்கு. ம், வருது. டியூப் லைட்டும் குண்டு பல்பும் சேத்துப் போட்டிருக்கீங்க, வெள்ளை பிடிக்காம விட்டுட்டீங்க. வேற ஒண்ணும் இல்ல. மிக்ஸிங் பண்றவன் யாரா இருந்தாலும் அரை மணி நேரத்துல சரி பண்ணிருவான். ஆனா அவன் எத வச்சு சரி பண்ணுவான்? படத்த வச்சுத்தான பண்ணுவான். ஆள அவன் பாத்திருக்க மாட்டான்.

நாளைக்குக் காலைல வீட்டம்மாவ ஒரு எட்டு இங்க கூட்டிட்டு வாங்க. பிள்ளத்தாச்சி, ரொம்ப நேரம் நிக்க வேண்டாம். அந்த ஆணி பக்கத்துல, வெயில்ல ஒரு நிமிசம் நின்னாப் போதும். கேமரா வேண்டாம். நீங்க இந்தப் பக்கம் நின்னு வெறுங்கண்ணால பாருங்க, கண்ணுக்குக் கீழ இழுத்தும் பாருங்க. அது நல்லா இருந்தா படத்த எப்ப வேணும்னாலும் சரி பண்ணிக்கிடலாம்.

துண்டா? துண்டு எங்கிட்ட இருக்கு. அந்தா, ஆணியிலயே கிடக்கு பாருங்க. அதே துண்டுதான். மஞ்சள் வெயிலுக்கு நிக்காது, கொஞ்ச நாள்ல போயிரும்பாங்க. தினமும் அங்கதான் கிடக்கு, அதுவும் எத்தனையோ வருசமா. பக்கத்துல போய் பாத்துட்டு வாங்க தம்பி. வெள்ளையா இருக்கா? நீங்களே பாத்துச் சொல்லுங்க, இதுவரைக்கும் நான் யார்கிட்டயும் கேட்டதில்ல.